வெக்டர் படம் எக்ஸ்போர்ட் செய்ததும் ஏன் உடைகிறது?

இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்ற வெக்டர் வரைகலை மென்பொருளில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் கூர்மை குறையாத லோகோ, பிஎன்ஜியாகவோ ஜேபெக்காகவோ வெளியே வந்ததும் மங்கிப்போகிறது. ஓரங்கள் ரம்பப் பல்லாகத் தெரிகின்றன. இல்லாவிட்டால் எங்கிருந்தோ மெல்லிய வெள்ளைக் கோடுகள் முளைக்கின்றன. ‘வெக்டர் என்றால் உடையவே உடையாது என்றார்களே?’ என்று கேட்கத் தோன்றும். அவர்கள் சொன்னது சரிதான். உடைவது வெக்டர் அல்ல, அதிலிருந்து நாம் எடுத்த பிக்சல் நகல்.

வெக்டர் கோப்புக்குள் படம் என்று எதுவும் இல்லை, படத்தை வரைவதற்கான குறிப்புதான் இருக்கிறது. ‘இந்தப் புள்ளியில் தொடங்கு, இப்படி வளை, அந்தப் புள்ளியில் முடி, உள்ளே சிவப்பு நிரப்பு’ என்ற வகைக் கணக்கு அது. நீங்கள் பெரிதாக்கும்போதெல்லாம் மென்பொருள் அந்தக் கணக்கைப் படித்துப் புதிதாக வரைந்து காட்டுகிறது, அதனால் எப்போதும் கூர்மை. எக்ஸ்போர்ட் செய்வது, கடைசியாக ஒருமுறை வரைந்து அதைப் பிக்சல் எனப்படும் சதுரக் கட்டங்களில் உறையவைத்துவிடுவது. ஒரு கட்டத்துக்கு ஒரே நிறம். அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் வளைவும் கிடையாது, கோடும் கிடையாது. எத்தனை கட்டங்கள், கோடுகள் அந்தக் கட்டங்களில் எங்கே விழுந்தன, அந்தக் கட்டங்களை எந்த வகைக் கோப்பில் சேமித்தோம் என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

‘குவாலிட்டி சரியில்லை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் காரணம் பிடிபடாது. மங்கல் வேறு, ரம்பப் பல் வேறு, வெள்ளை இழை வேறு, அழுக்குப் புகைபோன்ற கறை வேறு. ஒவ்வொன்றுக்கும் காரணம் தனி, தீர்வும் தனி. அமைப்புகளில் கைவைக்கும் முன் எக்ஸ்போர்ட் ஆன கோப்பை இரண்டு அளவுகளில் பாருங்கள்: முதலில் சரியாக 100 சதவீதத்தில், பிறகு 800 சதவீதத்தில். 100-இல் பார்த்தால் உண்மையிலேயே கோளாறு இருக்கிறதா என்று தெரியும். 800-இல் பார்த்தால் என்ன வகைக் கோளாறு என்று தெரியும்.

இந்த 100 சதவீதத்திலேயே பலர் ஏமாறுகிறார்கள். படம் காட்டும் செயலிகள் பெரும்பாலும் படத்தைச் சாளரத்துக்குப் பொருந்துமாறு நீட்டியோ சுருக்கியோதான் முதலில் காட்டும். கணினியின் திரை அமைப்பில் 125 அல்லது 150 சதவீதம் என்று வைத்திருந்தால், சில செயலிகள் எல்லாப் படத்தையும் அதே விகிதத்தில் ஊதிப் பெரிதாக்கும். அதில் தெரியும் மங்கலுக்கும் உங்கள் கோப்புக்கும் சம்பந்தமில்லை. கோப்பின் பண்புகளைத் திறந்து அகலம், உயரம் எத்தனை பிக்சல் என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி.

பிக்சல் போதவில்லை என்றால்

படம் முழுக்க ஒரே சீராக மங்கலாக இருந்தால், பத்துக்கு ஒன்பது முறை காரணம் இதுதான். கணக்கு எளிது: அச்சில் எத்தனை அங்குலம் வேண்டும் என்பதை ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் வேண்டும் என்பதோடு பெருக்குங்கள். ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 2480 × 3508 பிக்சல் தேவை. அதே பக்கத்தை 96-இல் எக்ஸ்போர்ட் செய்தால் 794 × 1123 பிக்சல்தான் வரும். 72-இல் செய்தால் 595 × 842. திரையில் இந்த மூன்றும் ஒன்றுபோலத் தெரியலாம். அச்சில் பின்னவை இரண்டும் உடையும்.

இந்த 72-உம் 96-உம் தற்செயலாக வந்த எண்கள் அல்ல. அச்சுத்துறையின் போஸ்ட்ஸ்கிரிப்ட் புள்ளி அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. இல்லஸ்ட்ரேட்டர் அதையே பிக்சலாகக் கொள்கிறது. இணைய வடிவமைப்பில் ஒரு பிக்சல் என்பது அங்குலத்தில் 96-இல் ஒரு பங்கு. இங்க்ஸ்கேப் அதைப் பின்பற்றுகிறது. 2017-இல் வந்த 0.92 பதிப்புக்கு முன்னால் இங்க்ஸ்கேப் 90 என்று வைத்திருந்தது. அதனால்தான் பழைய கோப்பையோ வேறு மென்பொருளில் செய்த எஸ்விஜியையோ (வெக்டர் கோப்பு வகை) திறக்கும்போது அளவு கொஞ்சம் மாறியிருக்கிறது. எக்ஸ்போர்ட் பெட்டியில் எதையும் தொடாமல் சரி என்று அழுத்தினால், உங்களுக்குக் கிடைப்பது இந்தப் பழக்கத்தின் எண், உங்கள் தேவையின் எண் அல்ல.

இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஈ அழுத்தினால் எக்ஸ்போர்ட் பலகை வரும். அதில் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) பெட்டியில் 300 என்று இடலாம், அல்லது அகலத்தைப் பிக்சலில் நேரடியாக இடலாம். ஒன்றை மாற்றினால் மற்றொன்று தானே மாறும். இல்லஸ்ட்ரேட்டரில் எக்ஸ்போர்ட் அஸ் வழியாகப் பிஎன்ஜி தேர்ந்தெடுத்தால் ஸ்க்ரீன் 72, மீடியம் 150, ஹை 300 என்று மூன்று தேர்வுகளும், வேறு எண் இடுவதற்கு ஓர் இடமும் இருக்கும். திரைக்கான வேலை என்றால் எக்ஸ்போர்ட் ஃபார் ஸ்க்ரீன்ஸ் வசதியில் 1 எக்ஸ், 2 எக்ஸ், 3 எக்ஸ் என்று ஒரே முறையில் எடுக்கலாம். திரை வேலையில் டிபிஐயை மறந்துவிடுங்கள். அங்கே பிக்சல் எண்ணிக்கை மட்டுமே பேசும். பக்கத்தில் 200 பிக்சல் அகலத்தில் நிற்கப்போகும் லோகோவுக்கு 400 பிக்சல் கோப்பு வேண்டும். இன்றைய கைபேசிகளிலும் பல மடிக்கணினிகளிலும் ஒரு பிக்சல் இடத்தில் உண்மையில் நான்கோ ஒன்பதோ பிக்சல்கள் இருக்கின்றன. 200 பிக்சல் கோப்பை அந்தத் திரை ஊதித்தான் காட்டும்.

வரைபடங்களை நிரல் எழுதி உருவாக்குபவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். பைத்தான் மொழியின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப், எதுவும் சொல்லாவிட்டால் 6.4 × 4.8 அங்குலப் படத்தை 100 டிபிஐயில் சேமிக்கிறது. அதாவது 640 × 480 பிக்சல். ஆர் மொழியின் பிஎன்ஜி கட்டளை 480 × 480 தான் தரும். ஆய்வுக் கட்டுரையில் அதை முழுப் பக்க அகலத்துக்கு இழுத்தால் எழுத்தெல்லாம் பஞ்சாகிவிடும். சேமிக்கும் கட்டளையிலேயே டிபிஐயைக் கூட்ட வேண்டும். பிடிஎஃப் ஆகவோ எஸ்விஜி ஆகவோ சேமித்தால் இந்தத் தொல்லையே இல்லை. கட்டளை வரியில் இமேஜ்மேஜிக் கொண்டு பிடிஎஃப்பைப் படமாக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: டென்சிட்டி எண்ணை உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னால் எழுத வேண்டும். பின்னால் எழுதினால், அது முதலில் 72-இல் வரைந்து முடித்துவிட்டு எண்ணை மட்டும் ஒட்டிவைக்கும்.

இந்த ‘எண்ணை மட்டும் ஒட்டுவது’ பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பிஎன்ஜி கோப்புக்குள் ஒரு மீட்டருக்கு இத்தனை பிக்சல் என்று குறிப்பு எழுதிவைக்க ஓர் இடம் உண்டு; 300 டிபிஐ என்பது அங்கே 11811 என்று பதிவாகும். அது வெறும் குறிப்பு. 600 பிக்சல் அகலப் படத்தின் குறிப்பை 72-இலிருந்து 300 ஆக மாற்றினால், படம் 8.3 அங்குலத்துக்குப் பதில் 2 அங்குலத்தில் அச்சாகும், அவ்வளவுதான். ஒரு பிக்சல்கூடக் கூடாது. ‘300 டிபிஐயில் கொடுங்கள்’ என்று அச்சகம் கேட்டதும் இந்த எண்ணை மட்டும் மாற்றி அனுப்புபவர்கள் நிறைய. போட்டோஷாப்பில் ரீசாம்பிள் தேர்வோடு பெரிதாக்கினால் பிக்சல் கூடும், ஆனால் அவை பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்பியவை. மூல வெக்டர் கையில் இருக்கும்போது இதைச் செய்ய எந்த அவசியமும் இல்லை. திரும்பிப்போய்ச் சரியான அளவில் மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

மறுபக்கமும் உண்டு. 10 அடி அகலப் பதாகைக்கு 300 டிபிஐ என்று கணக்குப் போட்டால் 36,000 பிக்சல் வரும். மென்பொருள் திணறி நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கப்படும் பதாகைக்கு 100-உம் அதற்குக் கீழும் போதும். ஜேபெக் வடிவம் ஒரு பக்கத்துக்கு 65,535 பிக்சலுக்கு மேல் ஏற்கவும் செய்யாது. இவ்வளவு பெரிய வேலையைப் படமாக்குவதைவிட வெக்டர் பிடிஎஃப்பாகக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

பிக்சல் போதும், ஆனால் கோடுகள் சொதசொதப்பாக இருக்கின்றன

இது சற்று நுணுக்கமான இடம். ஐகான், பொத்தான், அட்டவணைக் கோடு மாதிரியான சின்ன வேலைகளில்தான் அதிகம் கண்ணில் படும். ஒரு பிக்சல் தடிமனில் கறுப்புக் கோடு போட்டிருப்பீர்கள். எக்ஸ்போர்ட் ஆனதும் இரண்டு பிக்சல் தடிமனில் சாம்பல் கோடாக நிற்கும்.

காரணம் இப்படி. வெக்டரில் கோட்டின் தடிமன், பாதையின் இருபுறமும் பாதிப் பாதியாகப் பிரியும். பாதை சரியாக 10 என்ற இடத்தில் இருந்தால், ஒரு பிக்சல் கோடு 9.5-இலிருந்து 10.5 வரை பரவும். ஆனால் பிக்சல் கட்டங்களின் எல்லைகள் 9, 10, 11 என்ற முழு எண்களில் இருக்கின்றன. ஆக, கோடு ஒரு கட்டத்தில் பாதியையும் அடுத்த கட்டத்தில் பாதியையும் பிடிக்கிறது. கட்டத்தைப் பாதி கறுப்பாக்க முடியாது. அதனால் மென்பொருள் இரண்டு கட்டங்களையும் 50 சதவீதச் சாம்பலாக்குகிறது. ஓரங்களை இப்படி மென்மையாக்கும் வேலைக்கு ஆன்டி-அலையாசிங் என்று பெயர். வளைவுகளுக்கும் சாய்கோடுகளுக்கும் அது வரம்; நேர்க்கோட்டுக்குச் சாபம்.

தீர்வு: ஒற்றைப்படைத் தடிமன் கொண்ட கோடுகளை (1, 3, 5 பிக்சல்) அரைப் பிக்சல் நகர்த்தி 10.5 மாதிரியான இடத்தில் வையுங்கள். இரட்டைப்படைத் தடிமனும், கோடு இல்லாமல் நிரப்பு மட்டும் உள்ள வடிவங்களும் முழு எண்ணில் நிற்கட்டும். இல்லஸ்ட்ரேட்டரில் அலைன் டு பிக்சல் கிரிட் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். இங்க்ஸ்கேப்பில் 1 பிக்சல் இடைவெளியுள்ள கிரிட் போட்டு, அதில் ஒட்டும்படி ஸ்னாப்பிங்கை இயக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் மங்குகிறது என்றால் ஆர்ட்போர்டை, அதாவது வரையும் பக்கத்தின் எல்லையைப் பாருங்கள். பொருள்களெல்லாம் முழு எண்ணில் நிற்க, ஆர்ட்போர்டு மட்டும் 37.25 என்ற இடத்தில் தொடங்கினால், எல்லாமே கால் பிக்சல் விலகித்தான் வெளியே வரும். அகலம் 200.4 என்று பின்னமாக இருந்தால், படத்தின் ஓரத்தில் ஒரு பிக்சல் அகலத்துக்கு வெள்ளையாகவோ பாதி ஊடுருவித் தெரிவதாகவோ ஒரு கீற்று சேர்ந்துவிடும். காரணம் தெரியாமல் அதைக் கையால் வெட்டிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. ஆர்ட்போர்டின் எக்ஸ், ஒய், அகலம், உயரம் நான்கையும் முழு எண்ணாக்கினால் கீற்று போய்விடும்.

எக்ஸ்போர்ட் விகிதமும் இங்கே முக்கியம். 24 பிக்சல் கட்டத்துக்குப் பொருந்த வரைந்த ஐகானை 48-க்கும் 72-க்கும் எடுத்தால் எல்லைகள் மீண்டும் முழு எண்ணிலேயே விழும். 36-க்கு எடுத்தால் 1 பிக்சல் 1.5 ஆகிப் பழைய கதை தொடங்கும். இல்லஸ்ட்ரேட்டரின் பிஎன்ஜி பெட்டியில் ஆன்டி-அலையாசிங்குக்கு ஆர்ட் ஆப்டிமைஸ்டு, டைப் ஆப்டிமைஸ்டு என இரண்டு வகை இருக்கும். படம் என்றால் முன்னது. சிறிய எழுத்து நிறைந்தது என்றால் பின்னதை ஒருமுறை முயன்று, எது தெளிவு என்று கண்ணால் பார்த்து முடிவெடுங்கள். ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என்பதைத் தேர்ந்தெடுத்தால் மென்மையாக்கலே இருக்காது, வளைவெல்லாம் ரம்பப் பல்லாகும். ரம்பப் பல் தெரிகிறது, ஆனால் பிக்சல் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தத் தேர்வைத்தான்.

வடிவங்களுக்கு நடுவே வெள்ளை இழை

இரண்டு வடிவங்களை விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். நடுவில் இடைவெளி இல்லை. 6400 சதவீதத்துக்குப் பெரிதாக்கினாலும் இல்லை. எக்ஸ்போர்ட் செய்ததில் மட்டும் அந்த இணைப்பில் மயிரிழை போல வெள்ளைக் கோடு. பலரும் தங்கள் வரைவில்தான் பிழை என்று நினைத்து மணிக்கணக்கில் புள்ளிகளை நகர்த்துவார்கள். பிழை அங்கே இல்லை.

கணக்கைப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் இரண்டு கறுப்பு வடிவங்கள், அவை சேரும் விளிம்பு ஒரு பிக்சலின் நட்டநடுவில் விழுகிறது. முதல் வடிவம் அந்தப் பிக்சலில் பாதியை மறைக்கிறது, பிக்சல் 50 சதவீதக் கறுப்பாகிறது. இரண்டாவது வடிவம் மறுபாதியை மறைக்கிறது. ஆனால் மென்பொருளுக்கு அது மறுபாதி என்று தெரியாது. ‘50 சதவீதக் கறுப்பு’ என்று மட்டுமே தெரியும். மீதமிருந்த 50 சதவீத வெள்ளையில் பாதியைத்தான் அது மூடும். மொத்தம் 75 சதவீதம் கறுப்பு, 25 சதவீதம் வெள்ளை கசிகிறது. அந்தக் கசிவுதான் நீங்கள் பார்க்கும் இழை.

நிரந்தரத் தீர்வு, விளிம்புகளை ஒட்டவைக்காமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறவிடுவது. கீழே இருக்கும் வடிவத்தை ஒன்றிரண்டு பிக்சல் நீட்டி மேலே இருப்பதன் அடியில் நுழைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே நிறம் என்றால் யுனைட் செய்து ஒரே வடிவமாக்குங்கள். நூற்றுக்கணக்கான துண்டுகள் உள்ள படம் என்றால் அத்தனைக்கும் அடியில் அதே சாயலில் ஒரு முழு வடிவத்தை விரித்துவிடுங்கள். அப்போது கசிந்தாலும் வெள்ளை கசியாது. படத்தைத் தொடவே முடியாத நிலை என்றால் ஒரு சுற்றுவழி இருக்கிறது: ஆன்டி-அலையாசிங்கை அணைத்து, தேவையைப் போல நான்கு மடங்கு அளவில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், பிறகு போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ கால் பங்காகச் சுருக்குங்கள். மென்மையாக்கல் இல்லாதபோது ஒவ்வொரு பிக்சலும் ஏதோ ஒரு வடிவத்துக்கு முழுமையாகச் சொந்தமாகிவிடும், கசிவுக்கு இடமில்லை. சுருக்கும்போது ஏற்படும் சராசரி ஓரங்களைத் தானே மென்மையாக்கிவிடும்.

பேட்டர்ன் நிரப்பில் கட்டம் கட்டமாகக் கோடு தெரிவதும் இதே நோய்தான். பேட்டர்ன் துண்டின் அகலமும் உயரமும், எக்ஸ்போர்ட் அளவில் முழுப் பிக்சலாக வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிடிஎஃப்பில் தெரியும் இழைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பிடிஎஃப் 1.3 வடிவத்துக்கு ஒளிபுகும் தன்மை என்றால் என்னவென்றே தெரியாது. அதை அடிப்படையாகக் கொண்ட பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்ற அச்சுத் தரத்தில் சேமித்தால், நிழலும் ஒளிபுகலும் இருக்கும் பகுதிகளை மென்பொருள் துண்டு துண்டாக வெட்டி ஒட்டும். அந்தத் துண்டுகளின் நடுவேதான் இழைகள். பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் இழை ஒரே தடிமனில் இருந்தால், அது திரையில் மட்டும் தெரிவது, பெரும்பாலும் அச்சில் வராது. அச்சகம் ஏற்றால் எக்ஸ்-4 தரத்தில் கொடுப்பது நல்லது; அது ஒளிபுகலை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொள்ளும்.

படத்தில் ஒரு பகுதி மட்டும் மங்கினால்

எழுத்தெல்லாம் கூர்மை, நிழல் மட்டும் உடைகிறது. அல்லது லோகோவின் ஒரு மூலை மட்டும் மங்கல். அப்படியானால் அந்தப் பகுதி வெக்டரே அல்ல.

கோப்பின் நீட்டிப்பு எஸ்விஜி அல்லது ஏஐ என்று இருப்பதால் உள்ளே இருப்பதெல்லாம் வெக்டர் என்று ஆகிவிடாது. யாரோ ஒரு ஜேபெக்கை உள்ளே இறக்கி எஸ்விஜியாகச் சேமித்திருக்கலாம். சோதிப்பது எளிது. இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் + ஒய், இங்க்ஸ்கேப்பில் வியூ மெனுவின் டிஸ்ப்ளே மோடில் அவுட்லைன். உண்மையான வெக்டர் கம்பிக்கோடாகத் தெரியும். பிக்சல் படம் வெறும் செவ்வகப் பெட்டியாகத்தான் தெரியும். எஸ்விஜியை நோட்பேடில் திறந்தும் பார்க்கலாம். உள்ளே பேஸ்64 என்ற சொல்லைத் தொடர்ந்து அர்த்தமில்லாத எழுத்துகள் பக்கம் பக்கமாக ஓடினால், அது பொதிந்துவைத்த பிக்சல் படம். அதை மீண்டும் வரைய வேண்டும் அல்லது பெரிய மூலப்படத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும். எக்ஸ்போர்ட் டிபிஐயை எவ்வளவு கூட்டினாலும் பயன் இல்லை: 800 பிக்சல் படத்தை 8 அங்குலத்துக்கு இழுத்து வைத்திருந்தால் அதன் உண்மையான தரம் அங்குலத்துக்கு 100 பிக்சல்தான். இல்லஸ்ட்ரேட்டரின் லிங்க்ஸ் பலகை இந்த எண்ணைக் காட்டும்.

நிழல், மங்கலாக்கம், ஒளிர்வு போன்ற விளைவுகள் நாமே அறியாமல் பிக்சலாகும் இடங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் எஃபெக்ட் மெனுவின் கீழ் டாக்குமென்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ் இருக்கிறது. இணையத்துக்கென்று தொடங்கிய கோப்பில் அது 72 என்றிருக்கும். அச்சுக்கென்று தொடங்கியதில் 300. இணைய லோகோவை அச்சுக்குக் கொண்டுபோகும்போது நிழல் மட்டும் உடைவதற்கு இதுவே காரணம். 300 ஆக்கியபின் நிழலின் தோற்றம் சற்று மாறலாம், அதனால் மாற்றிய கையோடு ஒருமுறை சரிபாருங்கள். இங்க்ஸ்கேப்பில் பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது வரும் பெட்டியில், ஃபில்டர் விளைவுகளை எந்த ரெசல்யூஷனில் ராஸ்டராக்க (பிக்சலாக்க) வேண்டும் என்று கேட்கும். அங்கே இருக்கும் 96-ஐ 300 ஆக்காமல் போனால், பிடிஎஃப் வெக்டராக இருக்க, மங்கலாக்கிய பகுதி மட்டும் கட்டம் கட்டமாக நிற்கும்.

கோப்பு வகையால் வரும் கேடு

ஜேபெக் புகைப்படத்துக்காகப் பிறந்தது. அது படத்தை 8 × 8 பிக்சல் தொகுதிகளாகப் பிரித்து, கண் கவனிக்காது என்று கருதும் நுணுக்கங்களைக் கழற்றிவிடும். வானம், தோல், மரம் என்றால் தெரியாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்றால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் புகைபோலக் கறை படியும். 800 சதவீதத்தில் பார்த்தால் கறை எட்டுப் பிக்சல் சதுரங்களுக்குள் அடங்கியிருப்பது தெரியும். அதுதான் ஜேபெக்கின் கைரேகை. கூடவே, பல மென்பொருட்கள் இடத்தை மிச்சப்படுத்த நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவலை வைத்துக்கொள்கின்றன. சிவப்பு எழுத்தின் ஓரம் கறுப்பைவிட அதிகமாகக் கலங்குவது அதனால்தான். லோகோ, வரைபடம், ஐகான், எழுத்து எதுவானாலும் பிஎன்ஜிதான். ஜேபெக் கட்டாயம் என்று எங்காவது சொன்னால் தரத்தை 90-க்கு மேல் வையுங்கள், ஒரே முறை சேமியுங்கள். திறந்து திறந்து மறுபடி சேமித்தால் ஒவ்வொரு முறையும் கறை கூடும்.

பிஎன்ஜியிலும் 8, 24 என்று இரண்டு உண்டு. பிஎன்ஜி-8-இல் மொத்தமே 256 நிறங்கள்தான். தட்டை நிற லோகோவுக்கு அது தாராளம். கிரேடியன்ட் (நிறம் படிப்படியாக மாறும் நிரப்பு) இருந்தால் பட்டைபட்டையாகப் பிரியும். 24-க்கு மாறியும் பட்டை தெரிந்தால் கிரேடியன்ட்டைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் படிகள். 20-இல் தொடங்கி 40-இல் முடியும் மென்மையான சாயலை 1000 பிக்சலுக்கு விரித்தால், 50 பிக்சலுக்கு ஒரு படி என்று கண்ணுக்கே தெரியும். இரு முனை நிறங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கூட்டுவது ஒரு வழி, மெல்லிய நாய்ஸ் தூவுவது இன்னொரு வழி.

அடர் நிறப் பின்னணியில் லோகோவை வைத்ததும் சுற்றிலும் வெள்ளை விளிம்பு தெரிகிறதா? லோகோவை வெள்ளைப் பின்னணியோடு எக்ஸ்போர்ட் செய்து, பிறகு வெள்ளையை மேஜிக் வாண்டால் அழித்திருப்பார்கள். மென்மையாக்கலின்போது ஓரப் பிக்சல்கள் ஏற்கெனவே வெள்ளையோடு கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது. வெக்டரிலேயே பின்னணி லேயரை மறைத்துவிட்டு, ஒளிபுகும் பின்னணியோடு பிஎன்ஜி-24 ஆக எடுங்கள். ஜிஃப் வேண்டாம். அதில் ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும், நடுநிலை கிடையாது.

நிறம் மட்டும் மங்கிப்போவது தனிக் கதை, சுருக்கமாகவே சொல்லலாம். கோப்பு அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிற முறையில் இருந்தால் பளிச்சென்ற நீலமும் பச்சையும் ஏற்கெனவே அடங்கிப்போயிருக்கும். திரைக்கான வேலையைத் திரைக்குரிய ஆர்ஜிபி முறையில் தொடங்கி, எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலை (நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு) உடன் பொதிந்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

எஸ்விஜியாகவே கொடுத்தும் கெடுகிறது என்றால்

அதற்கும் வழி இருக்கிறது. எஸ்விஜி சேமிக்கும்போது தசம இடங்கள் எத்தனை என்று ஓர் அமைப்பு உண்டு. கோப்பைச் சிறிதாக்க அதை 1 என்று வைத்தால், 24 அலகு ஐகானில் ஒவ்வொரு புள்ளியும் 0.05 அலகு வரை விலகலாம். அதே ஐகானை 480 பிக்சலுக்குக் காட்டினால் அந்த விலகல் ஒரு முழுப் பிக்சலாகும். வட்டம் லேசாக நெளியும். சிறிய ஐகான்களுக்கு 2 அல்லது 3 தசம இடம் வையுங்கள்.

எழுத்து இன்னொரு பொறி. எஸ்விஜிக்குள் எழுத்து எழுத்தாகவே இருந்தால், பார்ப்பவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது வேறொன்று வந்து உட்காரும். தமிழ் எழுத்து என்றால் கொம்பும் காலும் இடம் மாறி உடையவும் வாய்ப்புண்டு. இறுதிக் கோப்பில் எழுத்தைப் பாதையாக மாற்றிவிடுங்கள்: இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ, இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + சி. மாற்றுவதற்கு முன் திருத்தக்கூடிய நகல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ள மறக்க வேண்டாம்; பாதையான எழுத்தில் ஒரு பிழையைத் திருத்துவது பெரும்பாடு.

கையைவிட்டுப் போன பிறகு

உங்கள் கணினியில் கூர்மை, மற்றவர் கையில் மங்கல் என்றால், நடுவில் யாரோ படத்தை மறுபடி சுருக்கியிருக்கிறார்கள். செய்திச் செயலிகளில் படமாக அனுப்பினால் அவை அளவைக் குறைத்து ஜேபெக்காக மாற்றும்; ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். வேர்டும் பவர்பாயின்டும் சேமிக்கும்போது படங்களைச் சுருக்கும். பல பதிப்புகளில் அங்குலத்துக்கு 220 பிக்சலாக. வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி பகுதியில் ‘டூ நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் படத்தைச் செருக வேண்டும். ஒருமுறை சுருங்கிய பிறகு தேர்ந்தெடுத்தால் இழந்தது திரும்பாது. அண்மைப் பதிப்புகள் எஸ்விஜியையே ஏற்கும் என்பதால் அதைச் செருகுவது இன்னும் நல்லது. இல்லஸ்ட்ரேட்டரில் நகலெடுத்து நேரே ஒட்டுவது மட்டும் வேண்டாம். என்ன ரெசல்யூஷனில் போய் விழும் என்பது உங்கள் கையில் இல்லை.

எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாத ஒரு வகை மிச்சமிருக்கிறது. 1000 அலகு அகல லோகோவில் 10 அலகு தடிமனில் ஒரு மெல்லிய கோடு. அதை 32 பிக்சல் ஐகானாக எடுத்தால் அந்தக் கோடு 0.32 பிக்சல் ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு அடர்த்தியில் வெளிறிய நிழலாகத்தான் தெரியும். இங்கே எக்ஸ்போர்ட் சரியாகத்தான் வேலை செய்கிறது, வரைவுதான் அந்த அளவுக்கு ஏற்றதல்ல. சிறிய அளவுக்கென்று தனி வரைவு செய்யுங்கள்: 32 பிக்சல் ஆர்ட்போர்டு, மெல்லிய கோடுகளை எடுத்துவிட்டு மிஞ்சியவற்றை 2 பிக்சலுக்குத் தடிப்பாக்குவது, லோகோவின் அடியில் இருக்கும் வாசகத்தை நீக்குவது, இடைவெளிகளைக் குறைந்தது ஒரு முழுப் பிக்சலாக்குவது. 16 பிக்சலுக்கு வேண்டுமென்றால் அதிலிருந்து இன்னும் ஓரிரு விவரங்களைக் கழிக்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் முதல் எழுத்து மட்டுமே மிஞ்சும்.